நாற்பத்து மூன்று வயது வாலிபர்

ஆர்.கே.புரம் பக்கத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே இந்தி ஆராதனை, மத்தியானம் மலையாளம், வெயில் தாழ்ந்த பிறகு தமிழ். மூன்று சபைக்கும் ஒரே கட்டடம், ஒரே ஆர்மோனியம், ஒரே வாட்டர் கூலர். ஆனால் தமிழ்ச் சபைக்கு மட்டும் ஒரு தனி வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகிறவரைக்கும் ஒருவர் வாலிபர் ஐக்கியத்தில் இருக்கலாம். கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிறு, பெண் மாதர் ஐக்கியத்து வரிசையிலும் மாப்பிள்ளை ஆண்கள் ஐக்கியத்து வரிசையிலும் போய் உட்கார்ந்துவிட வேண்டும். வயதைப் பற்றிப் பேச்சே கிடையாது. இந்த விதியை எழுதிய காலத்தில், முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் ஒரு ஆள் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் சாந்தகுமாரியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சாந்தகுமாரிக்கு வயது நாற்பத்து மூன்று. ஓர் அரசு மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர். நர்ஸிங் முடித்த கையோடு சாயர்புரம் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு டெல்லிக்கு வந்தவள், வந்த வாரமே வாலிபர் ஐக்கியத்தில் சேர்ந்தாள். அப்போது கூடப் பாடினவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள். இவள் மட்டும் பாடகர் குழுவில் அதே நாற்காலியில் இருந்தாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு அவள் மூன்று நான்கு பதில் வைத்திருந்தாள். ஆளைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். உண்மை என்னவென்றால், முதலில் வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயின, மூன்றாவதை அவளே தட்டிவிட்டாள், அதற்குள் குவார்ட்டர்ஸில் கட்டிலின் நட்டநடுவில் படுத்துத் தூங்கும் சுகம் பழகிவிட்டது. இதில் கண்ணீர் விட ஒன்றும் இல்லை. விட்டே தீருவேன் என்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம்.

வாலிபர் ஐக்கியத்தில் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சிதான். அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. சாந்தகுமாரியோடு நர்ஸிங் படித்த மார்கரெட்டின் மகள் கவிப்ரியா, வீட்டில் இவளை 'ஆன்ட்டி' என்பாள். தேவாலயத்துக் காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் 'சாந்தாக்கா' என்பாள். கவிப்ரியா பிறந்த அன்றைக்கு அவளைத் துணியில் சுற்றி மார்கரெட் கையில் கொடுத்ததே சாந்தகுமாரிதான். இன்றைக்கு இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பிரசங்கம் நீளும்போது ஒரே பொட்டலத்திலிருந்து சோம்பு மிட்டாய் தின்றார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் இலங்கையிலிருந்து அழைப்பு வந்தது. ஹட்டன் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபை. அங்கே வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் காப்பகத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும், கூரைத் தகரம் மாற்ற வேண்டும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் கதையும் வேண்டும். டெல்லித் தமிழ் வாலிபர்கள் பத்து நாள் வந்து ஊழியம் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்கள். வாலிபர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஊழியம் பாதி, விமானம் பாதி என்று வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை.

சாந்தகுமாரி துள்ளிக் குதிக்கவில்லை. வார்டு இன்சார்ஜ் குதிக்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தாள். தோழிகள் எல்லாரும் குவைத்துக்கும் அயர்லாந்துக்கும் கிளம்பிய காலத்தில் இவளும் எடுத்து வைத்தது. அவர்கள் போனார்கள், சாக்லேட் அனுப்பினார்கள். இவள் காலாவதியாகிற போதெல்லாம் புதுப்பித்தாள். உள்ளே ஒரு முத்திரைகூடக் கிடையாது. மேட்ரனிடம் மறுநாளே லீவு கேட்டுவிட்டாள். வெளிநாடு போக மருத்துவமனை அனுமதிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாள். சேவகாலத்தில் முதல் தடவையாக அவள் கேட்ட நீண்ட லீவு அது. மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் போதகர் எழுந்து, இரண்டு காப்பாளர்கள் வாலிபர்களோடு போவார்கள் என்றார். ஆண் பிள்ளைகளுக்கு உதவிப் போதகர். பெண் பிள்ளைகளுக்கு, "வேற யாரு, நம்ம சாந்தகுமாரி சிஸ்டர்தான்" என்றார். சபை கைதட்டியது. பெற்றவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

சாந்தகுமாரி உதட்டில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கொதித்தது. காப்பாளர் என்றால் என்ன வேலை என்று அவளுக்கா தெரியாது? எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அவள் பையில். ஏறும்போது ஒரு தடவை தலையை எண்ண வேண்டும், இறங்கும்போது ஒரு தடவை. மலைப்பாதையில் எவன் வாந்தியெடுக்கிறானோ அவனுக்குப் பை பிடிக்க வேண்டும். எல்லாரும் தூங்கிய பிறகு தூங்கி, எல்லாருக்கும் முன்னால் எழுந்திருக்க வேண்டும். இதைத்தானே வாரத்தில் ஆறு நாள் வார்டில் செய்கிறாள்? இதற்குப் போய்க் கடல் தாண்ட வேண்டுமா?

புதன்கிழமை சபைக் கமிட்டி கூடியது. அவள் டியூட்டி முடிந்து வெள்ளைச் சீருடையோடே போய் நின்றாள். கமிட்டிச் செயலாளர் ஜெயசீலன் மத்திய அரசில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் ஓய்வுபெற்றாரே தவிர அவர் பேச்சு ஓய்வுபெறவில்லை. பயணத்துக்குக் குரல் கொடுத்தவனும், வாலிபர் ஐக்கியச் செயலாளனுமான ஆரோன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாச்சி, நான் காப்பாளரா போகல" என்றாள் சாந்தகுமாரி.

"ஏம்மா, லீவு கெடைக்கலையா?"

"லீவு கெடைச்சிட்டு. நான் மெம்பரா போறேன்."

ஜெயசீலன் பேனாவைக் கீழே வைத்தார். "மெம்பர்னா? பசங்களோட பசங்களாவா?"

"நான் வாலிபர் ஐக்கியத்து மெம்பர்தான?"

"டெக்னிக்கலா மெம்பர்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா விஷயம் என்னன்னா, ஒரு முறைன்னு இருக்குல்ல. நாற்பத்து மூணு வயசுல வாலிபர்னு போய் நின்னா அந்த ஊர் ஜனங்க என்னம்மா நினைப்பாங்க? நம்ம சபைக்கு ஆள் பஞ்சம்னு நினைக்க மாட்டாங்க?"

ஓரத்தில் இருந்த ஆரோன் தொண்டையைக் கனைத்தான். "அங்கிள், அந்த ரூல் நீங்கதானே எழுதுனீங்க? பப்பா சொன்னாரு. உங்க கல்யாணத்துக்கு முந்தின வாரம் எழுதுனீங்களாமே."

அது வாஸ்தவம். இருபத்தைந்து வயது ஜெயசீலன் அப்போது வாலிபர் ஐக்கியச் செயலாளர். கல்யாணம் ஆகிறவரை வாலிபர், ஆனபின் இல்லை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதி, அடுத்த வாரம் தானே முதல் ஆளாக விலகிக் காட்டியவர். வாழ்நாளில் அவர் எழுதிய விதிகள் எத்தனையோ. அதில் ஒன்றுகூட இப்படித் திரும்பி வந்து அவர் மடியிலேயே உட்கார்ந்ததில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: மனுஷன் பிடிவாதக்காரர், குறுக்குப் புத்திக்காரர் இல்லை. பேனாவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "விதின்னா விதிதான். சிஸ்டர் மெம்பரா போகலாம்" என்றார். பிறகு விரலைத் தூக்கினார். "ஆனா பெண் காப்பாளர் இல்லாம பொண்ணுங்கள பெத்தவங்க அனுப்ப மாட்டாங்க. வர்ற ஞாயிற்றுக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும். பேர் இல்லைன்னா ஒண்ணு நீங்க காப்பாளரா போங்க, இல்லைன்னா பொண்ணுங்க யாரும் போகல. பசங்க மட்டும் போகட்டும்."

வெளியே பெண்கள் காத்திருந்தார்கள். செய்தியைக் கேட்டதும் கவிப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ப்ளீஸ். காப்பாளராவே வந்துருங்களேன். என்ன டிஃபரன்ஸ்? எப்படியும் நீங்கதானே எங்கள எல்லாம் பாத்துப்பீங்க?"

"அதான்டி டிஃபரன்ஸ்" என்றாள் சாந்தகுமாரி. தன் பிடிவாதத்தால் இந்தப் பிள்ளைகள் நின்றுபோனால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தாள்.

இரண்டு நாளில் மாதர் ஐக்கியத்தில் ஒருவர் விடாமல் கேட்டுப் பார்த்தாள். ஒருத்திக்கு மூட்டுவலி, ஒருத்திக்கு மாமியார், ஒருத்திக்கு மகனுக்குப் பரீட்சை. மிச்சம் இருந்தது மார்கரெட். மார்கரெட்டைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. வீட்டில் அவள் போடுகிற அதட்டலுக்குக் கணவன் ரமேஷ்குமாரும் மகளும் பூனைபோல் நடப்பார்கள். ஆனால் தலைக்கு மேலே விமானம் போனாலே அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

சனிக்கிழமை காலை இருவரும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனார்கள். பயணத்துக்குக் காசு சேர்க்க வாலிபர்கள் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புச் சாப்பாடு விற்றார்கள். தேங்காய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் எல்லாம் வாங்கிவிட்டு மீன்கடையில் நின்றார்கள். கடைக்காரன் வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஏட்டி மார்கரெட், நீ வா காப்பாளரா."

"எங்க?"

"சிலோனுக்குத்தான்."

"ஒனக்கு என்ன, கிறுக்கு பிடிச்சிட்டா? நான் பிளேன்ல ஏறவா? அவியளுக்கு ஒரு தோசை ஊத்தத் தெரியாது, தெரியுமா?"

"பத்து நாள் தோச இல்லேன்னா செத்துர மாட்டாவ."

"நான் ஒரு மகள மேய்க்கவே முடியாமக் கெடக்கேன்டி. நீ போகணும்னா காப்பாளரா போயிட்டு வாயேன். அதுல என்ன ஒனக்கு இம்புட்டு வீம்பு?"

சாந்தகுமாரி கூடையைக் கீழே வைத்தாள். மீன்கடை இரைச்சலில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே கஷ்டமாக இருந்தது. "எங்க வீட்டுல நான் மூத்தவ. வார்டுல நான் இன்சார்ஜ். சபையில அடுப்படிக்கு நான். லீவுல ஊருக்குப் போனாக்கூட எங்கம்மா மாத்திரைய என்கிட்டதான் எண்ணித் தரச் சொல்லுதா. எல்லாத் தலையையும் நான்தான் எண்ணுதேன், மார்கரெட். பத்தே பத்து நாள் என் தலைய வேற யாராவது எண்ணட்டுமே. அது அம்புட்டுப் பெரிய ஆசையாட்டி?"

மார்கரெட் மீன் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "நான் இந்த ஊருக்கு வந்து ரெண்டே மாசந்தான் வாலிபர் ஐக்கியத்துல இருந்தேன், தெரியுமா? அதுக்குள்ள கல்யாணம் பண்ணி அந்தப் பக்கம் தள்ளிட்டாவ. ஒரு பிக்னிக்கூடப் போகல" என்றாள். கடைக்காரன் பக்கம் திரும்பி, "பையா, ஜல்தி கரோ" என்று சீக்கிரம் வெட்டச் சொல்லி அதட்டினாள். அப்புறம் அதே அதட்டல் குரலில் சாந்தகுமாரியிடம், "சரி. நான் எண்ணுதேன்" என்றாள்.

இந்தச் செய்தி கவிப்ரியாவின் தலையில் இடியாக இறங்கியது. "மம்மி வந்தா நான் வரல. ஃபைனல். அக்கா, நீங்க என்ன பண்ணிட்டீங்க!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். "ஒங்கம்மாவ நான் பாத்துக்கிடுதேன்" என்று சாந்தகுமாரி வாய் தவறிச் சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொறுப்பே வேண்டாம் என்று ஊரைக் கூட்டியவள், கிளம்புவதற்கு முன்பே ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டாள்.

மே மாதக் கடைசியில், வெளியே அனல் பறக்கும்போது, பதினோரு வீடுகளில், குளிர்காலத் துணி வைத்த கட்டில் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை வெளியே எடுத்தார்கள். மலையில் குளிருமாம். டெல்லி விமான நிலையத்துக்குப் பாதி சபை தயிர்சாதத்தோடு வந்துவிட்டது. நுழைவாயிலில் போதகர் ஜெபம் பண்ண ஆரம்பித்தார். நம் போதகருக்குச் சுருக்கமாக ஜெபிக்கத் தெரியாது. துப்பாக்கி வைத்திருந்த காவலர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'ஆமென்' வரும்வரை பொறுமையாக நின்றார். விமானம் மேலே எழும்பியபோது மார்கரெட் கண்ணை மூடிக்கொண்டு சாந்தகுமாரியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு வளைந்துபோயின. கொழும்பில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததும் சாந்தகுமாரி அதை உடனே பைக்குள் வைக்கவில்லை. மை காய வேண்டும் என்று சாக்குச் சொல்லி, வேன் வரை விரித்தபடியே எடுத்துக்கொண்டு போனாள்.

தோட்டத்துச் சபையில் வரவேற்பு தடபுடல். பெரியவர்களுக்கு நாற்காலி, வாலிபர்களுக்குப் பாய். அங்குள்ள போதகர் உதவிப் போதகருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார், மார்கரெட்டுக்கு ஒன்று. மூன்றாவதை விரித்துக்கொண்டு நரைமுடி தெரிந்த சாந்தகுமாரியைப் பார்த்து வந்தார். சாந்தகுமாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது மார்கரெட் எழுந்து, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, "ஐயா, அவ வாலிபர் ஐக்கியம்" என்றாள். போதகர் ஒரு விநாடி விழித்தார். "ரொம்பச் சந்தோஷம்" என்று சொல்லிப் பொன்னாடையைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவருக்குப் போர்த்திவிட்டார். சாந்தகுமாரி பாயில் போய் உட்கார்ந்தாள். உட்காரும்போது இரண்டு முட்டியும் சடசடத்தன. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவள்தான்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வெள்ளையடிக்கச் சொன்னால் ஜன்னல் கண்ணாடிக்கும் சேர்த்து அடித்தாள். டெல்லிப் பிள்ளைகள் ஒருவருக்கும் வெள்ளையடிக்கிற மட்டையைப் பிடிக்கத் தெரியாது, இவளுக்கும் தெரியாது. தினமும் காலையில் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பரவாயில்ல, நாங்க பிறகு சரி பண்ணிக்கிறோம்" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். விளக்கணைத்த பிறகும் பெண்கள் அறையில் சிரிப்புச் சத்தம் நிற்காது. மார்கரெட் சுவரில் தட்டுவாள். ஆரோன் காலில் அட்டை கடித்து ரத்தம் வந்தபோது சாந்தகுமாரியின் கை தானாக முன்னே நீண்டது. கவிப்ரியா அந்தக் கையைப் பிடித்து இழுத்து, "அது மம்மி டிபார்ட்மென்ட்" என்றாள். மார்கரெட் உப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவளும் நர்ஸ்தானே. தாயும் மகளும்கூட அந்த ஊரில் சிநேகமாகிவிட்டார்கள். அம்மாவுக்குப் பாட வரும் என்பதே கவிப்ரியாவுக்கு அங்கேதான் தெரிந்தது.

கடைசி நாள் சாயங்காலம் கொழும்புக்கு வேன் கிளம்ப வேண்டும். மத்தியானம் தோட்டத்துப் பிள்ளைகள் விடவில்லை. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்றார்கள். ஒளிந்து விளையாடுகிற ஆட்டம். ஒரு சிறுமி கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ண, எல்லாரும் சிதறி ஓடினார்கள். சாந்தகுமாரி காப்பகத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் நுழைந்தாள். வெள்ளையடிப்பதற்காக அங்கே பிள்ளைகளின் மெத்தைகளை எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் அந்த அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் படுத்து, மேலே ஒரு போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இந்த இடத்தை எவரும் கண்டுபிடிக்க முடியாது என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை. வெளியே தேநீரும், பணிஸ் என்று அங்கே சொல்கிற பன்னும் வந்துவிட்டன. பிள்ளைகள் ஆட்டத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தின்னப் போய்விட்டார்கள். உள்ளே சாந்தகுமாரி, இருபது வருஷ நைட் டியூட்டியின் பாக்கியை எல்லாம் ஒரே மூச்சில் வசூலிக்கிறவள்போலத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வேன் வந்தது. மார்கரெட் வேன் படியில் நின்று தலையை எண்ணினாள். ஒரு தலை குறைந்தது. மறுபடி எண்ணினாள். "சாந்தா எங்கட்டி?" என்று கவிப்ரியாவைக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. போனை அடித்தால் அது அவள் பைக்குள்ளிருந்தே பாடியது. அதற்குள் மலையில் மூடுபனி இறங்கிவிட்டது. கீழே ஓடை இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். போன மாதம் மேல் மலையில் சிறுத்தை தெரிந்ததாம் என்று இன்னொருவர், கேட்காமலே, தகவல் கொடுத்தார். அவ்வளவுதான். மார்கரெட் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கினாள். பின்னாலேயே எல்லாரும் ஓடினார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து ஜனங்கள் டார்ச் விளக்கோடு வந்தார்கள். யாரோ தேவாலய மணியை அடித்தார்கள்.

சாந்தகுமாரிக்கு விழிப்பு வந்தது மணிச் சத்தத்தில். எங்கே இருக்கிறோம் என்று புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. அப்புறம் குரல்கள் கேட்டன. மேட்டிலிருந்து, பள்ளத்திலிருந்து, ரோட்டுப் பக்கத்திலிருந்து.

"டெல்லி அக்கா! டெல்லி அக்கா!" அது தோட்டத்துப் பிள்ளைகள்.

"சாந்தா தீதி!" அது ஆரோன், பதறினால் அவனுக்கு இந்திதான் வரும்.

"சாந்தாக்கா! சாந்தாக்கா!" என்றது கவிப்ரியாவின் குரல். அப்புறம் அது உடைந்து, "ஆன்ட்டீ!" என்று அழுதது.

எல்லாவற்றுக்கும் மேலே மார்கரெட். "ஏட்டி சாந்தா! எங்கட்டி போய்த் தொலஞ்ச! ஏசப்பா, எங்கட்டி போன!"

எழுந்து போய்ப் பதில் சொல்ல வேண்டும் என்று சாந்தகுமாரிக்குத் தெரியாதா? அவளுக்கா தெரியாது? ஆனால் அவள் அசையவில்லை. தன் பெயரை இத்தனை பேர் சேர்ந்து கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. குவார்ட்டர்ஸில் இரண்டு நாள் அவள் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் பால் பாக்கெட் சேரும், அவ்வளவுதான். இங்கே ஒரு மலையே அவளைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் போர்வைக்குள் கண்ணைத் திறந்தபடி படுத்து, ஒவ்வொரு குரலாகக் கேட்டாள். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. பாவம், மார்கரெட்டுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் எழுந்தாள்.

தலையெல்லாம் பஞ்சோடு அவள் வெளியே வந்து, "நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். மார்கரெட் சேறும் சகதியுமாக மேட்டில் ஏறி வந்தாள். வந்த வேகத்தில் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு கட்டிப்பிடித்தாள். பிறகு தள்ளிவிட்டு, தோட்டத்து ஜனங்கள், பிள்ளைகள், இரண்டு போதகர்கள் எல்லார் முன்னாலும் கத்தினாள். "நாங்க செத்துப் பொழச்சோம்! சிறுத்த கொண்டு போயிட்டோன்னு நான் இங்க ஈரக்குலையப் பிடிச்சிக்கிட்டு அலையுதேன், நீ தூங்கிட்டு வாரியா? கழுத வயசு ஆகுது! கொஞ்சமாவது பொறுப்பு இருக்காட்டி ஒனக்கு?"

சாந்தகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "இல்லட்டி" என்றாள்.

டெல்லிக்குத் திரும்பிய அடுத்த ஞாயிறு, போய் வந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து பயண அனுபவத்தைச் சாட்சியாகச் சொன்னார்கள். ஆரோன் கூரைத் தகரத்தைப் பற்றிச் சொன்னான். கவிப்ரியா அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டு உட்கார்ந்தாள். சாந்தகுமாரியின் முறை வந்தது. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் வரிசையில் இருந்த ஜெயசீலன் பொறுத்துப் பார்த்துவிட்டு, எடுத்துக் கொடுக்கிறவர்போல, "சொல்லுங்க சிஸ்டர், அங்க நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"தொலஞ்சு போனேன், அண்ணாச்சி" என்றாள் அவள். "தேடுனாவ."

அவ்வளவுதான் அவள் சாட்சி. வாலிபர் ஐக்கியத்து வரிசை கைதட்டியது. மாதர் ஐக்கியத்து வரிசையில் மார்கரெட் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் அந்த நாளை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.